வண்டியை ஓட்டினவன் யார்?



ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் போகிறார்கள். வண்டி புளியமரத்தில் மோதி ஒருவன் சாகிறான், ஒருவன் பிழைக்கிறான். பிழைத்தவன், "ஓட்டினது செத்தவன்தான், நான் பின்னால் இருந்தேன்" என்கிறான். செத்தவன் எழுந்துவந்து மறுக்கப் போகிறானா?

இந்த ஒரு வார்த்தையில் என்ன போகிறதென்று யோசித்துப் பாருங்கள். செத்தவன் பின்னால் இருந்தவனானால், ஓட்டினவனுடைய அஜாக்கிரதைக்காக அவன் பெண்டு பிள்ளைகள் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். அவனே ஓட்டினான், தப்பும் அவனுடையதே என்றாகிவிட்டாலோ அந்தப் பிரிவில் அவர்களுக்கு ஒன்றுமில்லை. (ஓட்டுகிறவனுக்கென்று தனி விபத்துப் பாலிசி இருந்தால் அது வேறு விஷயம்.) "எல்லாம் விதி" என்று ஆறுதல் சொல்ல நாலுபேர் வருவார்கள். விதியின் மேல் கேசு போட முடியாது.

செத்தவனுக்கு வாயில்லையே தவிர அவன் உடம்பு சாட்சி சொல்லும். ஓட்டுகிறவன் மோதின வேகத்தில் பெட்ரோல் டாங்கியின் மேல் தள்ளப்படுகிறான். ஆதலால் அவனுக்குத் தொடையிடுக்கிலும் இடுப்பெலும்பிலும், பிடியைப் பற்றியிருந்த கட்டைவிரலிலும் காயம் காணலாம். பின்னால் இருப்பவனோ அநேகமாக அவன் மேல் மோதுவான், அல்லது தூக்கியெறியப்படுவான். நம் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில் இருப்பதால், ஓட்டினவனுடைய இடது ஜோட்டின் மேல்புறத்தில் தேய்ந்த தடம் இருக்கக்கூடும். இதில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது முட்டாள்தனம், எல்லாம் ஒத்துப்போகவேண்டும். ஆஸ்பத்திரியில் முதன்முதல் எழுதின விபத்துப் பதிவு, பிரேத பரிசோதனை சர்ட்டிபிகேட், வழியில் பெட்ரோல் போட்ட கடையின் காமிராப் படம் இவைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வக்கீல் வந்து சொல்லிக்கொடுப்பதற்கு முந்தி சொன்ன வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

கொலைக் கேசைப்போல் சந்தேகத்திற்கிடமில்லாமல் ருசுப்படுத்த வேண்டுமோ என்று பயப்படவேண்டாம். நஷ்டஈட்டுக் கோர்ட்டில், எது நடந்திருக்க அதிகம் இடமுண்டு என்று காட்டினால் போதுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் பிம்லா தேவி வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆனால் நம்மவர்கள் செய்வதென்ன? செத்தவன் துணியையும் செருப்பையும் அன்றைக்கே ஆற்றிலே விடுகிறார்கள், அல்லது கொளுத்துகிறார்கள். இனிமேல் அவைகளைக் கழுவாமல் அப்படியே போலீசில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.