ஒரே பந்தியில் பயில வேண்டிய அறம்

(பள்ளிகளில் சமயக் கல்வி, அறக்கல்வி பற்றிப் பாளையங்கோட்டையில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குச் சமயமும் ஒழுக்கமும் கற்பிப்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். ‘நீதி போதனை’ என்று ஒரு வகுப்பு வைத்துவிட்டால் நாடு திருந்திவிடும் என்று சிலர் சொல்கின்றனர். சமயத்தைப் பள்ளிக்குள் கொணர்ந்தாலன்றி ஒழுக்கம் வளராது என்று வேறு சிலர் சொல்கின்றனர். சமயம் என்னும் சொல்லே பள்ளி வாயிலைக் கடத்தல் கூடாது என்பாரும் உளர். இம் மூவர் கூற்றையும் நாம் நம் அறிவால் எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். இங்கே மூன்று செய்திகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, சமயப் பயிற்சி. ஒரு சமயத்தாரின் பிள்ளைக்கு அச் சமயத்தின் வழிபாட்டையும் நம்பிக்கையையும் ஊட்டுவது அது. வீட்டிற்கும் கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் பள்ளிவாயிலுக்கும் உரியது. மற்றொன்று, சமய அறிவு. அண்டை வீட்டான் எதனை வணங்குகிறான், அவன் முன்னோர் எவ்வாறு அவ்வழி வந்தனர், அவன் போற்றும் நூல் யாது என அறிந்துகொள்வது. இது வரலாற்றையும் இலக்கியத்தையும் சேர்ந்த அறிவாதலின் பள்ளிக்கு உரியது. மூன்றாவது அறம். மாந்தன் மாந்தனோடு எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்பது. இஃது இல்லையேல் பள்ளி வெறுங் கட்டடமே.

சட்டமும் இவ் வேறுபாட்டை ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. முழுதும் அரசின் பணத்தால் நடைபெறும் கல்விநிலையத்தில் சமயப் பயிற்சி தரலாகாது என்றும், அரசு ஏற்போ உதவியோ பெறும் பிற நிலையங்களில் மாணவனுடைய இசைவின்றி, அவன் அகவை நிரம்பாதவனாயின் காப்பாளர் இசைவின்றி, அத்தகைய பயிற்சிக்கு அவனை வற்புறுத்தலாகாது என்றும் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகின்றது. சமயங்களைப் பற்றி அறிவதும் சமயத்தைப் பயிற்றுவதும் வேறு வேறு என்பதை 1964-66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழு எடுத்துரைத்தது. 2002இல் அருணா இராய் வழக்கில் உச்ச முறைமன்றமும், சமயங்களைப் பற்றிய அறிவைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதற்கு 28ஆம் பிரிவு தடையாகாது என்று முடிவு கூறிற்று.

ஆயினும், சட்டத்தில் விடை கிடைத்துவிட்டது என்பதனால் வாழ்க்கையில் கிடைத்துவிட்டதாகாது. நம் பொருநைக் கரையையே பாருங்கள். மேற்கே பாவநாசத்தில் மலையிறங்கும் ஆறு கிழக்கே புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரை, எத்தனைச் சமயத்தார் அதன் நீரை உண்டு வாழ்கின்றனர்! நெல்லையப்பர் கோயில் ஒருபால். நம்மாழ்வாரின் திருக்குருகூரும் திருவைகுண்டமும் உள்ளிட்ட ஒன்பது திருப்பதிகள் ஒருபால். பாளையங்கோட்டையின் கிறித்தவக் கோயில்கள் ஒருபால். மேலப்பாளையத்துப் பள்ளிவாயில்கள் ஒருபால். சற்று வடக்கே கழுகுமலைப் பாறையில் சமணச் சிற்பங்கள். திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் நீதிநெறி விளக்கம் பாடினார். கரையிருப்பில் பிறந்த எ. ஆ. கிருட்டிணப் பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். எட்டயபுரத்து உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். சமயம் வேறு, பாடிய மொழி ஒன்றே. இம் மூவரையும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியர் கற்பிப்பாராயின், அதனினும் சிறந்த சமயக் கல்வி வேறு யாது?

ஆனால் நடந்தது யாது? நன்றி மறவாமல் முதலில் நல்லதைச் சொல்வேன். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு ஊர்தோறும் பள்ளி வைத்தார். சாயர்புரத்தில் போப்பும் இடையன்குடியில் கால்டுவெல்லும் கல்விப் பணி ஆற்றினர். எழுத்தறியக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்மக்களும் ஏட்டைத் தொட்டது இப் பள்ளிகளினாலேயே. நம் மொழிஞாயிறு பாவாணர் சங்கரன்கோவிலில் பிறந்து, பாளையங்கோட்டைக் கிறித்தவப் பள்ளியில் பயின்று வளர்ந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. அதன்பின் சைவப் பெருமக்களும் பிறரும் தத்தம் பள்ளிகளை நிறுவினர். கல்வி பெருகிற்று. ஆனால் பள்ளி பெருகிய அளவிற்கு, ‘நம் பள்ளி, அவர் பள்ளி’ என்னும் எண்ணமும் பெருகிற்று.

சமயம் சார்ந்த பள்ளிகளில் பயின்ற பலரும் ஒரு பழக்கத்தை அறிவர். வாரத்தில் ஒரு பாடவேளையில் வகுப்பு இரண்டாகப் பிரியும். அச் சமயத்துப் பிள்ளைகள் மறைக்கல்விக்குச் செல்வர். எஞ்சியோர் நன்னெறி வகுப்பு என்னும் பெயரில் வேறோர் அறையில் அமர்வர். பிறர் நம்பிக்கையில் கைவையாமல் இருக்கவே இப் பிரிவு ஏற்பட்டது. அதன் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. எனினும், அறத்தைக் கற்கும் அவ் வேளையில்தான் பிள்ளை முதன்முதலாகத் தன் தோழனை விட்டு எழுந்து வேறு பக்கம் போகின்றான்! கணக்கிற்கு ஒன்றாக இருந்தவர்கள், அறிவியலுக்கு ஒன்றாக இருந்தவர்கள், அறத்திற்குப் பிரிகின்றனர். இது சரிதானா என்று கேட்கின்றேன்.

பெருமக்களே! அறக்கல்வி எங்கே வெல்கின்றது, எங்கே தோற்கின்றது என்பதைக் காட்ட இந்த ஆற்றங்கரையிலேயே ஒரு பெரும் பாடம் இருக்கின்றது. அதுதான் சேரன்மாதேவிக் குருகுலம். நூறாண்டு கடந்தும் அப் பாடத்தை நாம் முழுதும் படித்து முடிக்கவில்லை.

வ. வே. சு. ஐயர் எளிய மாந்தர் அல்லர். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டவர். தாய்மொழி வழியே கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று எனும் உயர்ந்த நோக்கங்களோடு 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கி, பின் அதனைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். தமிழ்நாட்டுப் பேராயக் கட்சி பத்தாயிரம் உருபா தர ஒப்பி, ஐயாயிரம் தந்தது. பார்ப்பனரல்லாத செல்வரும் பொருளுதவி புரிந்தனர். அத்தகைய இடத்தில், இரண்டு பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டது! அவர்தம் பெற்றோர் வேண்டினர் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பெரியாரும் வரதராசலுவும் கொதித்தெழுந்தனர். 1925 ஏப்பிரலில் திருச்சியில் கூடிய பேராயக் கட்சிக் குழுவில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் முடிவை எசு. இராமநாதன் கொணர்ந்தார், அது நிறைவேறிற்று. ஐயர் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு சூன் 3ஆம் நாள், பாவநாச அருவியில் தவறி விழுந்த தம் மகளைக் காக்கப் பாய்ந்து தாமும் மாண்டார். நவம்பரில் காஞ்சிபுர மாநாட்டோடு பெரியார் பேராயக் கட்சியை விட்டு வெளியேறினார்.

ஐயரை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. மகளைக் காக்க உயிர் ஈந்தவரை இகழ நமக்குத் தகுதி இல்லை. நான் கேட்பது இதுதான். பிறப்பால் மக்கள் எல்லாரும் ஒருநிகர் என்று வள்ளுவர் கூறும் 972ஆம் குறளை அவர் அறியாதவரா? ஆங்கிலத்தில் ஆக்கியவரே அவர்தாம். குறள் நூலில் இருந்தது, அவர் நெஞ்சிலும் இருந்திருக்கலாம். சோறிட்ட இடத்தில் இல்லை. அங்கிருந்த பிள்ளைகள் எதனைக் கற்றிருப்பர்? ஏட்டில் உள்ளதையா, இலையில் கண்டதையா? இலையில் கண்டதைத்தான் கற்றிருப்பர். பிள்ளையின் கண் காதைவிடக் கூர்மையானது.

அது பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2022 ஏப்பிரலில் அம்பாசமுத்திரத்தை அடுத்த பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கையில் கட்டிய சாதிக் கயிற்றை முன்னிட்டு மாணவரிடையே மூண்ட பூசலில் ஒரு மாணவன் உயிரிழந்தான். 2023 ஆகசுட்டு 9ஆம் நாள் இரவு, நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும், அவன் பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். வெட்டியவர் கல்லாதவர் அல்லர். திருக்குறளைச் செய்யுட் பகுதியில் படித்து மதிப்பெண் பெற்ற பிள்ளைகள்! இதனை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு பதற வேண்டாவா?

அந் நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த, மேனாள் நடுவர் சந்துரு அவர்களின் ஒருவர் குழு 2024 சூனில் தன் அறிக்கையைத் தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுத்தல், மாணவரை எழுத்து வரிசைப்படி அமர்த்துதல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல் என்பனவற்றோடு, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை அறநெறி வகுப்பு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அதற்கு முன்னரே, 2016இல், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமென்று உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளையில் நடுவர் மகாதேவன் ஆணையிட்டார். 2017இல் அரசாணையும் வந்தது: ஏழு வகுப்புகளுக்கு, வகுப்பிற்கு 15 அதிகாரமாக, 105 அதிகாரம், 1050 குறள்.

நூல் இருக்கின்றது, ஆணையும் இருக்கின்றது. இல்லாதது யாது? கற்பிக்கும் முறை. குறளை நெட்டுருச் செய்து ஒப்பிப்பவனுக்குப் பரிசு தருகின்றோம். குறளின்படி நடந்தவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலும், எந்த உரையை ஆசிரியர் கையிலெடுக்கின்றார் என்பதும் உண்டு. பரிமேலழகர் பெரும்புலவர், ஐயமில்லை. ஆயினும், மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்தலும் விலக்கியதை ஒழித்தலுமே அறம் என்று அவர் தம் உரைப்பாயிரத்தில் வரையறுத்தார். அவ் வரையறையை வைத்துக்கொண்டு 972ஆம் குறளைக் கற்பிக்க இயலுமா? ஆகவேதான் பாவாணர் 1969இல் திருக்குறள் தமிழ் மரபுரையை ஆக்கித் தந்தார். அறம் என்பது ஆண்டவன் இட்ட ஆணையுமன்று, ஒரு குலத்தார் எழுதிய கட்டளையுமன்று. மாந்தன் தன் மனச்சான்றின்முன் நின்று பிற உயிரைத் தன்னுயிர்போல் எண்ணுதல்.

‘சமயம் இல்லாமல் அறம் நிற்குமா?’ என்று கேட்பீர்கள். வள்ளுவர் கடவுள் வாழ்த்தோடுதான் தொடங்கினார். ஆனால் எந்தச் சமயத்தின் பெயரையும் நூலில் வைத்தாரில்லை. அதனால்தான் சமணரும் சைவரும் பிறரும் அந் நூலைத் ‘தமது’ என்கின்றனர். சாயர்புரத்தில் பணியாற்றிய கிறித்தவத் தொண்டரான போப் 1886இல் அதனை ஆங்கிலத்தில் தந்தார். நம்பிக்கை உடையவன் அதில் தன் இறைவனைக் காண்பான். இல்லாதவனும் அறத்தைக் காண்பான். எந்தப் பிள்ளையும் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டாத பாடநூல் அது.

அதனை எவ்வாறு கற்பிப்பது? ஊர்ச் செய்தியோடு கற்பியுங்கள். கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை பொருநையில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலணைக்காரன் வேண்டும் மட்டும் நீரை எடுத்துக்கொண்டால் கடைமடைக்காரன் வயல் காயும். சட்டப்படி மடை தன் பக்கம் இருக்கின்றது என்பதனால் முழுதும் எடுத்துக்கொள்வது அறமா? ஒப்புரவறிதல் அதிகாரத்தை இவ் வினாவோடு ஒன்பதாம் வகுப்பில் வையுங்கள். மேலூர்ப் பிள்ளை ஒன்று சொல்வான், கீழூர்ப் பிள்ளை ஒன்று சொல்வான். இருவரும் வாதிடட்டும். கொடுங்கோன்மை அதிகாரம் வரும்போது, 1999 சூலை 23ஆம் நாள் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்க்காகக் கூலி கேட்டு ஊர்வலம் வந்தோர் காவலர் தடியடிக்கு அஞ்சிப் பொருநையில் இறங்க, 17 உயிர்கள் போனதைச் சொல்லுங்கள். அரசின் கடமை யாது, காவலரின் கடமை யாது, கரையில் நின்று பார்த்தவரின் கடமை யாது என்று மாணவரே ஆராயட்டும். விடையை ஆசிரியர் சொல்ல வேண்டா. ஆராய்ந்து அடைந்த அறமே நிற்கும்.

என் முடிவை மூன்றாகச் சொல்வேன். சமயப் பயிற்சி தர விரும்பும் பள்ளி அதனைப் பாடவேளைக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். அற வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர வேண்டும். அவ் வகுப்பிற்கு மதிப்பெண் வேண்டா. தாய்மொழியும் திருக்குறளும் பல சமயத் தமிழ் நூல்களின் அறிவும் வேண்டும். வகுப்பில் சொல்வது பந்தியிலும் தண்ணீர்க் குழாயடியிலும் விடுதியிலும் ஆசிரியர் அறையிலும் நடைமுறையாதல் வேண்டும். மூன்றாவது இல்லையேல் முன்னிரண்டும் வீண்.

இறுதியாக, தனித்தமிழ் பேசும் நமக்கே ஒரு சொல். பெயரைத் தூய தமிழாக்கிக்கொண்டோம். மேடையில் வடசொல் கலவாமல் பேசுகின்றோம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் குலம் கேட்போமாயின், நம் பிள்ளையும் சேரன்மாதேவிப் பிள்ளையைப்போல் இலையைப் பார்த்தே கற்பான். ‘சாதி’ கலந்த வாழ்வைவிட வடசொல் கலந்த பேச்சுத் தீங்கு குறைந்ததே. மொழித் தூய்மையோடு வாழ்வுத் தூய்மையும் வேண்டும். அதனை இன்று மாலை நம் வீட்டுப் பந்தியிலிருந்து தொடங்குவோம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழறம்!