கூட்டத்தோடு பதிவு, தனியாக வழக்கு



2020 அக்டோபர் 7ஆம் தேதி. அபுதாபியில் சென்னை சூப்பர் கிங்ஸும் கொல்கத்தாவும் ஆடுகின்றன. 168 எடுத்தால் வெற்றி. பாதி தூரம் வரைக்கும் ஆட்டம் நம் பக்கம்தான் இருந்தது. கடைசியில் 157இல் நின்றுபோனது. 10 ரன்னில் தோல்வி. அன்று ராத்திரி எத்தனை வீட்டில் சோறு இறங்கவில்லை என்று இங்கே இருக்கிறவர்களுக்கே தெரியும். தோற்றால் வலிக்கும். இத்தனை பந்தை ஏன் வீணாக்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்கும் நேரம் கொடுத்துப் பார்க்கிறவனுக்கும் அந்த உரிமை உண்டு.

ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு சென்னை கேப்டன் தோனி குடும்பத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு மிரட்டல் வந்து விழுந்தது. தோனியின் மகளுக்கு அப்போது 5 வயது. அந்தக் குழந்தையைப் பாலியல் வன்கொடுமை செய்வதாக மிரட்டல். ராஞ்சியில் வழக்குப் பதிவானது. தேடிப் போனால், எழுதிய ஆள் குஜராத்தில், கட்ச் மாவட்டத்து முந்த்ரா பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறான். வயது 16. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பையன்.

இந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியும்தான் நான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அந்த 5 வயதுப் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசினால் நம் எல்லோருக்கும் கோபம் வரும், கைதட்டிவிட்டுக் கலைந்துபோவோம். அந்த 16 வயதுப் பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன்தானே. அவன் வாயில் இந்தச் சொல் எப்படி வந்தது?

அடுத்த வருடமே இன்னொன்று. 2021 அக்டோபர் 24, துபாய். டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. முதலில் முகமது ஷமியை அவருடைய மதத்தைச் சொல்லி ஏசினார்கள். கேப்டன் கோலி பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது மிகக் கேவலமான செயல் என்று ஷமிக்காகப் பேசினார். உடனே கோலியின் மகளுக்கு மிரட்டல். அந்தக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை, பத்து மாதம். மும்பை போலீஸ் ஹைதராபாத்தில் ஒருவரைக் கைது செய்தது. வயது 23. ஐ.ஐ.டி.யில் படித்த மென்பொருள் பொறியாளர். படிப்பில்லாதவன் செய்கிற வேலை இது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, கோலி தரப்பு ஆட்சேபம் இல்லை என்று சொன்ன பிறகு, மும்பை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. ரத்தாகும் வரைக்கும் அந்தக் குடும்பம் எப்படி இருந்திருக்கும்?

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் எப்படி ஒரு டேக், அதாவது ஹேஷ்டேக், போடுகிறார்கள் என்று பெற்றோர்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பெரிய நடிகரின் டிரெய்லர் வருகிறது என்று வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் முன்கூட்டியே தகவல் போய்விடும், இன்று மாலை 6 மணிக்கு டேக் என்று. 6 மணிக்கு முன்னால் யாரும் அந்தச் சொல்லைத் தட்டக் கூடாது. எழுத வராதவர்களுக்கு வாசகங்கள் தயாராக இருக்கும், எடுத்து ஒட்டினால் போதும். எல்லோருக்கும் ஒரே காமன் டிபி. மணி 6 ஆனதும் ஆயிரக்கணக்கான ஐடிகள் ஒரே நேரத்தில் இறங்கும். எத்தனை ஆயிரம் தாண்டியது என்று ஸ்கிரீன்ஷாட் வந்துகொண்டே இருக்கும். இந்தியா ட்ரெண்டில் முதல் இடம் என்றால் கொண்டாட்டம். எதிர் நடிகரின் கூட்டம் அதைத் தாண்டப் பார்க்கும். அதற்குப் பெயர் ஃபேன் வார்.

இதில் ஒரு பெரிய ஒழுங்கு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் மாடியில் சிக்கியிருக்கிறார்கள், எங்கே பால் வேண்டும், எங்கே படகு வேண்டும் என்று விடிய விடியப் பதிவிட்டு ஆட்களைக் கொண்டு சேர்த்ததும் இந்த மாதிரி இளைஞர்களின் கைகள்தான். இன்றைக்கும் ரத்தம் வேண்டும் என்று ஒரு ரசிகர் குரூப்பில் போட்டுப் பாருங்கள், எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு 2017இல் என்ன செய்தோம்?

2017 ஆகஸ்டில் 'தி நியூஸ் மினிட்' இதழின் ஆசிரியர் தன்யா ராஜேந்திரன் ஒரு ட்வீட் போட்டார். விஜய் நடித்த 'சுறா' படத்தில் இடைவேளையோடு எழுந்து வந்தேன், இப்போது ஷாருக் கான் படம் அந்தச் சாதனையையும் முறியடித்துவிட்டது என்கிற பொருளில் ஒரு கருத்து. அவ்வளவுதான். 'சுறா' வந்தது 2010இல். ஏழு வருடத்துக்கு முந்தைய படம். அதற்காக அந்தப் பெண்ணின் பெயரில், இந்த மேடையில் சொல்ல முடியாத பொருளில், ஒரு டேக் உருவாக்கி ட்ரெண்ட் செய்தார்கள். பல்லாயிரம் பதிவுகள். அவர் போலீசில் புகார் கொடுத்தார். பிறகு விஜய் ஓர் அறிக்கை விட்டார். யாருடைய படத்தையும் விமர்சிக்க எவருக்கும் உரிமை உண்டு, எந்தச் சூழ்நிலையிலும் பெண்களைத் தரக்குறைவாகப் பேசக் கூடாது என்றார். நல்ல அறிக்கை. வந்து சேர்ந்தபோது ஒரு பெண் அத்தனை ஆயிரம் வசவையும் படித்து முடித்திருந்தார்.

எதிர்ப் பக்கமும் சளைக்கவில்லை. 2019 ஜூலை. சென்னைக்குத் தண்ணீர் தந்த ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த வருடம் அது. உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்கு, நடிகர் விஜய்க்கு, இரங்கல் தெரிவித்து ஒரு டேக் இந்திய அளவில் ட்ரெண்ட் ஆனது. அஜித் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்ட ஐடிகளின் வேலை. கிரிக்கெட் வீரர் அஸ்வின் மனம் நொந்து எழுதினார், நாட்டின் பல பகுதிகளில் வறட்சி நிலவும் நேரத்தில் நம் மாநிலத்து இளைய தலைமுறை இதைத்தான் ட்ரெண்ட் செய்கிறதா என்று. அடுத்த மாதம் வெளியாகவிருந்த அஜித் படம் 'நேர்கொண்ட பார்வை'. ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நீதிமன்றத்தில் வாதாடுகிற படம். அந்தப் படத்தை வரவேற்கக் காத்திருந்த நேரத்தில் ஒரு குடும்பத்து மனிதருக்குச் சாவு வாழ்த்து.

நான் கவனித்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தப் பதிவுகளை எழுதுகிறவன், யாரைத் திட்டுகிறானோ அவருக்காக எழுதுவதில்லை. தன் கூட்டத்துக்காக எழுதுகிறான். பக்கத்து ஐடி ஒரு வசவு போட்டால் இவன் அதைவிடக் கனமாக ஒன்று போட வேண்டும். லைக் விழ வேண்டும். செம மச்சி என்று நான்கு பேர் சொல்ல வேண்டும். நடிகரைத் திட்டியாகிவிட்டது, அடுத்து என்ன? அவர் மனைவி. அதுவும் ஆகிவிட்டது, அடுத்து? குழந்தை. ஏலத்தில் விலை ஏறுவது போல வார்த்தை ஏறுகிறது. தோனியின் மகளுக்கு மிரட்டல் வந்த அதே 2020 அக்டோபரில்தான், இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டு பிறகு விலகிய நடிகர் விஜய் சேதுபதியின் மகளுக்கும் ட்விட்டரில் அதே மிரட்டல் வந்தது. அது ரசிகர் சண்டை இல்லை, ஈழத் துயரத்தின் பெயரால் எழுந்த கோபம். அந்தத் துயரம் உண்மையானது. அதைச் சுமந்தவர்களில் எத்தனை தாய்மார்கள், எத்தனை பெண் பிள்ளைகள்! அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு சிறுமியை மிரட்டலாமா?

முகம் தெரியாததால்தான் இப்படி எழுதுகிறார்கள், அடையாள அட்டை கேட்டால் நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றது. பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா மூவரும் கறுப்பின இளைஞர்கள். அவர்கள் மேல் இனவெறி வசவு கொட்டியது. ட்விட்டர் நிறுவனம் பிறகு ஆராய்ந்து சொன்னது, நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம் பேர் அடையாளம் காணக்கூடியவர்கள்தான் என்று. ஒளிந்துகொண்டு எழுதவில்லை. கூட்டம் கூட இருக்கிறது என்கிற தைரியத்தில் எழுதினார்கள். போலீஸ் வீடு தேடிப் போனது, சிலர் சிறைக்கே போனார்கள். இணையத்தில் இனவெறி வசவு எழுதினாலும் மைதானத்துக்குள் நுழையத் தடை என்று சட்டத்தையும் அங்கே விரிவுபடுத்தினார்கள்.

தம்பிகளே, சட்டத்தைப் பற்றி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். படம் மொக்கை என்று எழுதுங்கள். கேப்டன் தப்பான முடிவெடுத்தார் என்று எழுதுங்கள். அமைச்சரை, முதலமைச்சரை, பிரதமரை விமர்சித்து எழுதுங்கள். அதற்காக உங்களைக் கைது செய்தால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். மனம் புண்படுகிறது, எரிச்சலூட்டுகிறது என்று சொல்லி யாரை வேண்டுமானாலும் பிடிக்க வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆபாசப் பதிவுக்கான 67ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். குழந்தை சம்பந்தப்பட்டால் வேறு பிரிவு, வேறு கனம். பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கென்றே 1998இல் வந்த சட்டமும் இருக்கிறது.

நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பதும் செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018இல் முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர் அதைத்தான் சொன்னார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் போன அம்பு, அதன் விளைவை அனுப்பியவர் ஏற்கத்தான் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024இல் ஒரு மாதச் சிறை என்று தீர்ப்பு. முன்னாள் சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை.

டேக் போடும்போது பல்லாயிரம் பேர் கூட இருந்தார்கள். எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயர்தான் இருக்கும். நேரம் குறித்துக் கொடுத்தவன் வரமாட்டான். வாசகம் எழுதிக் கொடுத்தவன் ஐடியை அழித்துவிட்டுப் போயிருப்பான். போலீஸ் உங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது உங்கள் அம்மாதான் வாசலில் நிற்பார்.

இந்தச் சண்டையால் ஆதாயம் அடைகிறவர்களையும் சொல்ல வேண்டும். சண்டை நடக்க நடக்க ஆட்கள் திரையை விட்டு நகர்வதில்லை, விளம்பரம் ஓடுகிறது. இந்தத் தளங்களை நடத்தும் நிறுவனங்களுக்குப் பாடல் காப்புரிமை என்றால் உடனே கண் தெரிகிறது. தமிழில் எழுதப்பட்ட ஒரு கொச்சை வசவைப் புகார் செய்தால், விதிமீறல் இல்லை என்று பதில் வருகிறது. தமிழ் தெரிந்த ஆட்களைப் போதுமான அளவு வேலைக்கு வைக்க அவர்களிடம் பணமா இல்லை? நடிகர்களும் பேச வேண்டும், சீக்கிரம் பேச வேண்டும். அஜித் 2011இல் தன் ரசிகர் மன்றங்களையே கலைத்தார். 2025 ஜனவரியில் துபாயில் கார் பந்தயம் முடித்துவிட்டு, அவர் வாழ்க இவர் வாழ்க என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நீங்கள் எப்போது வாழப்போகிறீர்கள் என்று ரசிகர்களைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வியை எல்லா நட்சத்திரமும், படம் வெளியாவதற்கு முந்தின வாரத்தில், டேக் உச்சத்தில் இருக்கும்போது கேட்க வேண்டும்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் நாற்பது, ஐம்பது, அறுபது வயது அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் மன்றத் தலைவராக, செயலாளராக இருந்தவர்கள். உங்கள் காலத்திலும் சண்டை இருந்தது. எதிர் நடிகரின் போஸ்டரில் சாணி அடித்தவர்கள் உண்டு. நேருக்கு நேர் என்றால் ஆபத்தில்லை என்றும் சொல்லமாட்டேன். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், கொரோனா நிதி அதிகம் கொடுத்தது ரஜினியா விஜய்யா என்ற வாக்குவாதத்தில் மரக்காணத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் தள்ளிவிடப்பட்டு இறந்தார். ஆனால் உங்கள் மன்றத்துக்கு ஒரு போர்டு இருந்தது. போர்டில் தெருப் பெயர் இருந்தது. ஒரு பையன் தெருவில் போகிற பெண்ணை ஏதாவது சொன்னால், அந்தப் பெண்ணின் அப்பா நேரே உங்களிடம்தான் வந்து நிற்பார். நீங்கள் அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கண்டித்தீர்கள். இப்போதுள்ள குரூப்புகளில் நீங்கள் இல்லை. பூமர் என்று ஒதுக்கினார்கள், நீங்களும் ஒதுங்கிவிட்டீர்கள்.

திரும்பப் போங்கள். உங்கள் தெருப் பையனிடம் சொல்லி உங்கள் எண்ணையும் குரூப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். 6 மணி டேக் என்று அறிவிப்பு வரும்போது, அதில் ஒரு பெண்ணின் பெயரோ ஒரு குழந்தையின் படமோ இருந்தால், உங்கள் சொந்தப் பெயரில், நம்ம ஆளுங்க யாரும் இதைப் போடக் கூடாது என்று எழுதுங்கள். போட்டவனைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, அதை உடனே அழி, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்லுங்கள். உங்களையும் ஏசுவார்கள். குரூப்பிலிருந்து தூக்குவார்கள். இன்னொரு பையனிடம் சொல்லி மறுபடியும் உள்ளே போங்கள்.