துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்து

கோவை தடாகம் பக்கம் சுற்றிய சின்னத்தம்பி யானையை, 2019 ஜனவரி 25 அன்று வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது நினைவிருக்கும். மயக்கிய யானையை எப்படித் தெளிய வைக்கிறார்கள்?

நம் நாட்டில் யானைக்குப் பெரும்பாலும் போடுவது சைலசின். மூளையை விழிப்பாக வைக்கும் நார்அட்ரினலின் சுரப்பை அது அடக்கிவிடும். யானை நின்றபடியே கிறங்க வேண்டும். சரிந்து படுத்தால் சொந்த எடையே நுரையீரலை அழுத்தும்.

தெளிய வைப்பது யோகிம்பின், ஆப்பிரிக்க மரப்பட்டை ஒன்றில் கிடைத்த பொருள். கூட்டமான பொள்ளாச்சி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வித்தைதான். சைலசின் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். வேறு வேலை ஏதும் செய்யாது. சுரப்பு திரும்பும். காதோர ரத்தக்குழாயில் ஏற்றினால் சில நிமிடங்களில் தெளிவு. சைலசினோடு கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தும் கலந்திருந்தால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது, கல்லீரல்தான் கரைக்க வேண்டும்.

மனிதர்களுக்கும் இதே கதைதான்: மிடசோலம் என்ற மயக்க மருந்து கொடுத்தால், முறிக்க ஃப்ளூமசெனில் உண்டு. ஆனால் முறிமருந்து முதலில் தீர்ந்து, உறக்கம் மறுபடி அமுக்கலாம். அதனால், ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா "கொஞ்ச நேரம் படுத்திருந்துட்டுப் போங்க" என்றால், இருந்துட்டே போங்க.