கைப்பையில் ஒரு மெழுகுக் கட்டி

பிற தேசம் சென்று கர்ப்பப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் பணித்தபோது, விசா, விடுதி, செலவு ஆகிய விஷயங்களை நான் விஸ்தாரமாகச் சொல்வேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் வேலூரில் திசுப் பரிசோதனைக் கூடமொன்றில் உத்தியோகம் பார்க்கும் எனக்கு, வங்க தேசத்திலிருந்து கல்கத்தா வழியாக வந்து காட்பாடியில் ரயிலை விட்டிறங்கும் தாய்மார்களின் கைப்பையில் என்ன இருக்கிறது என்பதே முதற் கவலை.

மாதவிடாய் அடியோடு நின்றபின் மறுபடியும் உதிரம் காண்பதே இந்நோயின் பிரதான அறிகுறி. அப்போது உள்ளூர் வைத்தியர் எடுத்தனுப்பும் சிறு சதையை ஃபார்மலினில் பதப்படுத்தி, ஆல்கஹாலால் நீரை வாங்கி, உருகிய பாரபின் மெழுகில் ஊறவைத்து உறையச் செய்தால், தீப்பெட்டியளவுகூட இல்லாத கட்டியொன்று கிடைக்கும். இதைத்தான் நாங்கள் 'பிளாக்' என்கிறோம். அதை மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, லாக்வுட் என்னும் மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹெமடாக்ஸிலின் சாயத்தை ஏற்றி நுண்பெருக்கியில் நோக்கினால், உயிரணுக்களின் கருக்கள் நீலம் பாரித்து நிற்கும் அழகை, வியாதியில் அழகேது என்று நீங்கள் கடிந்துகொண்டாலும், வர்ணிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சிட்டகாங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஸ்கேன் படங்களைக் கட்டுக்கட்டாகக் கொணர்ந்தார். பிளாக்கையோ ஊரிலேயே விட்டு வந்திருந்தார். புற்று கர்ப்பப்பையின் உட்சவ்வில் தோன்றியதா, கர்ப்பப்பை வாயில் தோன்றியதா என்பது அறிக்கையில் தெளிவுபடவில்லை. முன்னதாயின் பெரும்பாலும் அறுவைதான் முதற்படி. பின்னது முற்றியிருப்பின் கதிர்வீச்சும் மருந்துமே பிரதானம். மீண்டும் சதையெடுக்க அவர் இசையவில்லை. மருமகன் பிளாக்கைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை, "இந்த மெழுகுத் துண்டுக்கா காத்திருக்கிறோம்?" என்று துபாஷி மூலம் அன்றாடம் கேட்டார். ஆம், அதற்காகத்தான்! விசேஷச் சாயங்கள் ஏற்றிப் பார்த்ததில் மூலஸ்தானம் உட்சவ்வே என்று நிச்சயமாயிற்று. அறுவையும் நல்லபடியாக நடந்தேறியது.

இன்னொன்றும் கேளுங்கள். அதே பிளாக்கில் நான்கு புரதங்களைச் சோதித்தால், நோய் வம்சவழியாக வந்ததோ என்ற சந்தேகத்துக்கும் துப்புக் கிடைக்கும். ஆகவே அது மகளுக்கும் பயன்படும் சொத்து.

நேரம் நெருங்கிவிட்டது. நோயாளிக்கு மருத்துவ விசாவும் துணைவருபவருக்கு மருத்துவத் துணையாளர் விசாவும் தனித்தனியே வாங்குங்கள். வெளிக்கதிர்ச் சிகிச்சை ஐந்து வாரம்வரை நீளக்கூடும் என்பதை எண்ணி விடுதி பேசுங்கள். அறுவைக்குப்பின் கால் சிரைகளில் ரத்தம் உறையும் அபாயம் உண்டாதலால், விமானமேறுமுன் சர்ஜனின் அநுமதி பெறுங்கள். இங்கு வருவோராயினும் இங்கிருந்து அயல்நாடு செல்வோராயினும், எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, வெயிலில் மெழுகு இளகாதபடி கையோடு எடுத்துச் செல்லுங்கள்.