கணக்குக் கோப்புக்குப் பத்திரமான இடம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப் கட்டும் முன்னர், மர்ஹூமின் மகனோ சகோதரரோ முன்வந்து, கொடுக்கல் வாங்கல் இருப்பவர்கள் தம்மிடம் தெரிவிக்குமாறு அறிவிப்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். முன்பெல்லாம் அந்த அறிவிப்புக்குத் துணையாக வீட்டுப் பீரோவில் ஒரு பேரேடு இருந்தது. இன்று அந்தப் பேரேடு கணினிக்குள் சென்றுவிட்டது. குடும்ப வரவு செலவை க்னூகேஷ் போன்ற இலவச மென்பொருளில் எழுதுவோரும், கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்போரும் நம் மஹல்லாவில் பெருகியுள்ளனர். இது நல்ல மாற்றமே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பேசுவது கடனை எழுதி வைப்பது பற்றியன்றோ! ஆயினும் எழுதியது எங்கே கிடக்கிறது என்று கேட்டால் பலரும் மென்பொருளின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, இடத்தைச் சொல்வதில்லை.

மென்பொருள் வேறு, கணக்குக் கோப்பு வேறு. மென்பொருள் அழிந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். கோப்பு அழிந்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற விவரமே போய்விடும். ஆதலால் கோப்பை எங்கே சேமிக்கிறோம் என்பதை முதல் நாளிலேயே தீர்மானித்து, அதற்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

கணினி மந்தமாகிவிட்டால் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு செல்கிறோம். அங்குள்ள தம்பி 'பார்மட்' செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருகிறார். அப்போது அழிவது 'சி' டிரைவ். நாம் கண்ணெதிரே வைத்திருக்கும் டெஸ்க்டாப்பும், டாக்குமென்ட்ஸ் கோப்புறையும் வழக்கமாக இருப்பது அந்த 'சி'க்குள்தான். இதை அறிந்த சிலர் 'டி'யில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பார்மட்டிலிருந்து அது காக்கும் என்பது சரி. ஆனால் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் 'சி'யும் 'டி'யும் ஒரே வன்தட்டின் இரு பகுதிகளே. வன்தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே வீட்டில் நடுவே சுவர் வைத்துவிட்டு இரண்டு வீடு என்று சொல்வது போன்றது இது.

க்னூகேஷ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தேதியும் நேரமும் பெயரில் சேர்ந்த பழைய பிரதி ஒன்றை அது தானாகவே விட்டுச் செல்கிறது. நாம் மாற்றாவிடில் 30 நாட்களுக்கு அவற்றை வைத்திருக்கும். தவறாக ஒரு பதிவை அழித்துவிட்டால் இது பேருதவி. ஆனால் அப்பிரதிகள் மூலக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில்தான் கிடக்கின்றன. எனவே அவற்றைக் காப்பு என்று எண்ணி ஏமாறக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறக்க இயலுமா? நம் சமுதாயத்தினர் நிறைந்து வாழும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளம் வீட்டினுள் புகும்போது, கணினியும் அதன் பக்கத்து மேசை அறையிலுள்ள பென்டிரைவும் ஒன்றாகவே நனையும். ஆகவே ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, இயன்றால் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணம் பறிக்கும் நச்சு நிரல்கள், கணினியில் செருகியிருக்கும் வெளித்தட்டையும் பூட்டிவிடும். எனவே வெளித்தட்டில் பிரதி எடுத்தவுடன் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இணையக் கிடங்குகளைப் பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றில் பிரதி வைப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. வெளியூர்ப் பிரதிக்கு எளிய வழி அதுவே. ஆனால் தானாக ஒத்திசையும் கோப்புறை ஒரு கண்ணாடி போன்றது. இங்கே அழித்தால் அங்கும் அழியும். ஒரே கோப்பை வீட்டிலும் கடையிலும் ஒரே நேரத்தில் திறந்தால் முரண்பட்ட இரு பிரதிகள் உருவாகி, எது சரியான கணக்கு என்ற குழப்பம் வரும். நாம் சொல்வது இதுதான்: நடப்புக் கோப்பு கணினியில் தனியிடத்தில் இருக்கட்டும், வேலை முடித்து மென்பொருளை மூடிய பிறகு, தேதியிட்ட பிரதியை மேலே ஏற்றுங்கள்.

ஏற்றுமுன் பூட்டுங்கள். க்னூகேஷ் கோப்புக்குக் கடவுச்சொல் கிடையாது. கிடைத்தவர் எவரும் திறந்து, நம் சேமிப்பையும் கடனையும், நாம் இரகசியமாகக் கொடுத்த ஸதகாவையும் கூடப் படித்துவிடலாம். செவன்-ஜிப் என்னும் இலவச மென்பொருளால் கடவுச்சொல்லிட்டுச் சுருக்கினால் போதும். டேலியில் அதற்கென வால்ட் என்னும் வசதி உண்டு.

மைக்ரோசாஃப்ட் மணி என்றொரு மென்பொருள் இருந்தது. 2009ல் அதன் விற்பனையை அந்நிறுவனமே நிறுத்திவிட்டது. கோப்பு பத்திரமாக இருந்தும் திறக்கும் மென்பொருள் இல்லாமற் போகும் நிலை அவ்வாறு வரும். ஆதலால் ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில், கடன் பட்டியலையும் இருப்பையும் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். அதே நாளில், எடுத்து வைத்த பிரதி ஒன்றை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறந்து பாராத பிரதியை நம்புவது, எண்ணாத பணத்தை நம்புவதற்குச் சமம்.

இறுதியாகக் கடவுச்சொல். நாம் மட்டுமே அறிந்த கடவுச்சொல் நம்மோடு கப்ருக்குள் வந்துவிடும். பின்னர் பள்ளிவாசலில் மகன் அறிவிப்புச் செய்யலாம். வந்து கேட்பவருக்குக் கொடுக்க வேண்டியது ஆயிரமா, இலட்சமா என்று அவர் எதைப் பார்த்துச் சொல்வார்? இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கிவிடக்கூடும். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. எனவே கோப்பின் பெயர், இருக்கும் இடங்கள், மென்பொருளின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வஸிய்யத்துப் பத்திரத்துடன் வையுங்கள். உறை எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடமும், நம்பகமான ஒருவரிடமும் இன்றிரவே சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் உறையையும் மாற்றுங்கள்.