சர்வாதிகாரி எர்ஷாத்தும் அவர் மேல் வந்த வழக்குகளும்



வங்காள தேசத்தை ஏறக்குறைய ஒன்பது வருஷகாலம் ஆண்ட ஹுசைன் முகம்மது எர்ஷாத் என்பவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நான் வக்கீலுக்குப் படித்தவனல்ல. பத்திரிகைகளையும் புத்தகங்களையும் நானே தேடிப் படித்து அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். "அந்நிய நாட்டான் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சட்டம் ஒரு மனிதனை எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான கதை எனக்கு அகப்படவில்லை. நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

எர்ஷாத் 1930-ல் கூச் பிஹாரைச் சேர்ந்த தின்ஹாட்டாவில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்தார். 1971-ல் அந்நாட்டு ஜனங்கள் விடுதலைக்காக உயிரைக் கொடுத்தபோது இவர் மேற்கு பாகிஸ்தானில் இருந்தார். 1973-ல் ஊர் திரும்பினார். ஐந்தாறு வருஷத்துக்குள் சேனாதிபதியானார். 1982-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி, ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அப்துஸ் சத்தாரை இறக்கிவிட்டு, ராணுவச் சட்டம் போட்டுத் தாமே அதிகாரத்தில் உட்கார்ந்தார். என்ன காரணம் சொன்னார் தெரியுமா? சர்க்காரில் ஊழல் பெருகிவிட்டதாம். அதை ஒழிக்க வந்தாராம்!

நல்லது ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பயனற்ற மருந்துகளையும் கெடுதலான மருந்துகளையும் அவருடைய சர்க்கார் 1982-ல் ஏராளமாகத் தடுத்தது. அது ஏழைகளுக்கு உபகாரமே. ஆனால், திண்ணையைக் கூட்டிக் கொடுத்தான் என்பதற்காக வீட்டைப் பிடுங்கிக் கொண்டவனை நியாயஸ்தன் என்று சொல்லுவோமா?

1986-ல் ஒரு தேர்தல் நடத்தி, அந்தச் சட்டசபையைக் கொண்டே ஏழாவது திருத்தம் என்று ஒன்றைச் செய்தார். தாம் ராணுவச் சட்டத்தின் கீழ் செய்ததெல்லாம் சட்டப்படி சரியே என்பதுதான் அந்தத் திருத்தம். குற்றம் செய்தவரே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்! ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1987 நவம்பர் 10-ந் தேதி நூர் ஹுசைன் என்ற வாலிபர் தம் மார்பிலும் முதுகிலும் சர்வாதிகாரம் ஒழிக, ஜனநாயகம் விடுதலை பெறுக என்ற கருத்தை எழுதிக்கொண்டு டாக்கா வீதிக்கு வந்தார். சுட்டுக் கொன்றார்கள். 1988 மார்ச்சுத் தேர்தலைப் பெரிய கட்சிகள் இரண்டும் பகிஷ்கரித்தன.

ஜனங்கள் கைவிட்ட பிறகு எர்ஷாத் எதைப் பிடித்தார்? மதத்தைப் பிடித்தார். 1972-ல் எழுதிய அரசியல் சட்டம் சர்க்காருக்கு மதமில்லை என்றது. அதை ஜியாவுர் ரஹ்மான் முன்பே எடுத்துவிட்டார். எர்ஷாத் இன்னும் ஒருபடி மேலே போய், 1988 ஜூனில் எட்டாவது திருத்தத்தால் இஸ்லாமை அரசாங்க மதமாக்கினார். அதற்கு முந்தின நாள்வரை அந்நாட்டு முஸ்லிம்கள் முஸ்லிம்களாக இல்லையா? தொழவில்லையா? நோன்பு இருக்கவில்லையா? மதத்துக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. எர்ஷாத்தின் நாற்காலிக்குத்தான் தேவைப்பட்டது. சட்டம் வந்த சில மாதங்களுக்குள் பெருவெள்ளம் வந்து நாட்டில் பாதிக்கு மேல் மூழ்கிற்று. அரசாங்க மதம் ஒரு கரையையாவது உயர்த்திற்றா?

அங்கே ஒரு கதை சொல்லுவார்கள். வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு மசூதிக்குப் போய், "நேற்றிரவு இங்கே தொழுவதாகக் கனாக் கண்டேன்" என்பாராம். அந்த மசூதியில் போலீஸ்காரர் முன்கூட்டியே காவல் போட்டிருப்பார்களாம்! போலீசுக்கு அந்தக் கனவை முன்னாடியே சொன்னது யாரோ?

மதமும் காப்பாற்றவில்லை. 1990 டிசம்பர் 6-ந் தேதி மாணவர்களும் ஜனங்களும் அவரை இறக்கினார்கள். கைதானார். சட்ட விரோதமாக ஆயுதம் வைத்திருந்ததற்காக 1991-ல் பத்து வருஷம் தண்டனை. ஊழல் வழக்குகள் வேறு. ஆனாலும் 1991-ல் சிறைக்குள்ளிருந்தபடியே ஐந்து தொகுதிகளில் ஜெயித்தார். 1996-லும் அப்படியே! "எங்கள் ரங்பூர்ப் பிள்ளை" என்ற ஒன்றே அவ்வூராருக்குப் போதுமாயிருந்தது.

இனிமேல் தேதிகளை வரிசையாய் வைக்கிறேன். சம்பந்தம் உண்டா என்று நீங்களே யோசியுங்கள்.

1996-ல் அவாமி லீகுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எர்ஷாத் கட்சி ஆதரவு கொடுத்தது. 1997 ஜனவரியில் ஜாமீனில் வெளியே வந்தார். 1999-ல் எதிர்க்கட்சியோடு சேர்ந்தார். 2000-ல் ஜனதா டவர் ஊழல் வழக்கில் தண்டனை உறுதியாகி மறுபடியும் சிறை. சட்டசபை ஸ்தானமும் போயிற்று.

இன்னொன்று கொலை வழக்கு. 1981-ல் ஜனாதிபதி ஜியா கொல்லப்பட்டதை அடுத்து, ஜெனரல் மன்சூர் ராணுவக் காவலில் கொல்லப்பட்டார். அதற்காக 1995-ல் தொடுத்த வழக்கில் எர்ஷாத் முக்கிய எதிரி. அவர் குற்றத்தை மறுத்தார். 2013 டிசம்பரில், வரப்போகும் தேர்தலைப் பகிஷ்கரிப்பதாகச் சொன்னார். ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். தேர்தல் முடிந்ததும் 2014 ஜனவரியில் பிரதம மந்திரியின் விசேஷத் தூதரானார். பிப்ரவரி 10-ந் தேதி கொலை வழக்கில் தீர்ப்பு என்றிருந்தது. நீதிபதி மாற்றப்பட்டார். தீர்ப்பு வரவில்லை, மறுபடி விசாரணை என்றார்கள். 2019 ஜூலை 14-ந் தேதி எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியோடேயே செத்தார்.

குற்றவாளியா, நிரபராதியா? மன்சூர் குடும்பத்தாருக்கும் விடை இல்லை, எர்ஷாத்துக்கும் இல்லை. நிரபராதியாயிருந்தாலும் அந்த வழக்கு அவர் கழுத்தில் கயிறுதானே? கயிற்றின் நுனி யார் கையிலோ, அவர்கள் இழுத்த பக்கம் போனார் என்று எண்ண இடமிருக்கிறதல்லவா?

ராணுவக் கோர்ட்டில் தண்டனை அடைந்த ஒருவர் போட்ட வழக்கில், 2010-ல் ஹைகோர்ட்டு ஏழாவது திருத்தம் செல்லாது என்றது. ஆட்சியைப் பிடித்தது சட்ட விரோதம் என்றாயிற்று. அதற்காக எர்ஷாத் ஒரு நாளாவது கூண்டில் நின்றாரா? இல்லை. எட்டாவது திருத்தமோ? 2011-ல் மதச்சார்பின்மையை அரசியல் சட்டத்தில் திரும்பச் சேர்த்தார்கள். அரசாங்க மதத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்! 1988-ல் அதை எதிர்த்துப் போட்ட மனுவை 28 வருஷம் கழித்து, 2016-ல் தள்ளிவிட்டார்கள். அவரை வீதியில் எதிர்த்துப் போராடியவர்களே பதவிக்கு வந்தும் அந்த ஆயுதத்தைக் கீழே போட மனம் வரவில்லை.

எர்ஷாத்தை எதிர்த்த இரு தலைவர்களின் கதையையும் பாருங்கள். காலிதா ஜியாவுக்கு 2018-ல் ஊழல் வழக்கில் சிறை. ஹசீனா ஆட்சி 2024 ஆகஸ்டில் விழுந்த பிறகு, 2025 ஜனவரியில் விடுதலைத் தீர்ப்பு. ஹசீனாவுக்கு 2025 நவம்பரில், அவர் நாட்டில் இல்லாதபோதே மரண தண்டனை. யார் குற்றவாளி என்று நான் இங்கே தீர்மானிக்கவில்லை. நாற்காலி மாறும்போதெல்லாம் தீர்ப்பும் மாறினால், உண்மைக் குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனையைக்கூட ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

ஆகவே, தோழர்களே! ஒரு கொடுங்கோலன் விழுந்தான் என்று பட்டாசு கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது போதாது. அவன் எழுதிய சட்டம் என்ன ஆயிற்று, அவன் பிடித்த மதம் சர்க்காரை விட்டு வெளியே வந்ததா, அவன் மேல் போட்ட வழக்கு ஒழுங்காய் முடிந்ததா என்று மறுநாள் கேளுங்கள். "நம்ம ஊர்க்காரர்" என்று ஓட்டுப் போடுவதற்கு முன்னும் கேளுங்கள். நூர் ஹுசைன் உயிரைக் கொடுத்து இறக்கிய ஆள், பிறகு ஜனங்கள் போட்ட ஓட்டிலேயே ஏறி வந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.