ராத்திரியே ஆறவைத்த தண்ணீர்

கோடைக்காலத்தில் ராத்திரி மண்பானையில் ஊற்றி வைத்த தண்ணீரை மறுநாள் மத்தியானம் குடித்திருப்பீர்கள். அதே வேலையைத்தான் தைவானில் கூகுள் செய்கிறது.

2013-இல் அங்கே சாங்ஹுவா என்ற இடத்தில் ஒரு தரவு மையம் திறந்தார்கள். அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள், ஓய்வே கிடையாது, அனலாய்க் கொதிக்கும். அவற்றைக் குளிரவைப்பதற்கே தனியாகக் கரண்ட் வேண்டும். அதிலும் பட்டப்பகலில், ஊரே ஏசி போட்டிருக்கும் நேரத்தில், மின்சாரத்துக்குக் கிராக்கி அதிகம், விலையும் அப்படித்தான்.

அதனால் வெளிக்காற்று சில்லென்று இருக்கும் ராத்திரியிலேயே தண்ணீரைக் குளிரவைத்து, வெப்பம் புகாத பெரிய பெரிய தொட்டிகளில் தேக்கிவிடுகிறார்கள். பகலில் அது குழாய் வழியே ஓடி, உள்ளே இருக்கிற சூட்டை வாங்கிக்கொள்கிறது.

ஆற்றல் சேமிப்பு என்றதும் நமக்கு லித்தியம் பேட்டரிதான் ஞாபகம் வரும். தண்ணீரை லேசாக நினைக்க வேண்டாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர், அதாவது வீட்டு மாடியில் நிற்கும் ஒரு கறுப்பு டேங்க் அளவு, 10 டிகிரி சூடேறுவதற்குள் ஏறத்தாழ பதினொன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை விழுங்கிவிடும்.

கூகுளிடம் இருக்கும் பானை மட்டும் கொஞ்சம் பெரிசு.